கடனும் அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வர்ஜீனியாவிலோ மேரிலாந்திலோ டெக்சாஸிலோ, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று வேலை தருவதாகச் சொல்லி, அதற்குச் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளத் தரப்படும் பாதுகாப்பு அனுமதி, வேண்டும் என்று கேட்கும்போது, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது எப்போதோ கட்டாமல் விட்ட ஒரு கடன்தான். கீழே உள்ள பதில்கள் அவர்களுக்காக எழுதப்பட்டவை. பொதுவான விளக்கமே இங்கே தரப்படுகிறது. விசாரணைக் கடிதம் கைக்கு வந்துவிட்டவர்கள் இந்தத் துறையில் பழகிய வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி.

பழைய கடன் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காதா?

கடன் இருப்பதாலேயே எவருக்கும் அனுமதி மறுக்கப்படுவதில்லை. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள நான்காம் எண் பாதுகாப்பு ஆணை, ஒருவரை எடைபோட ஏ முதல் எம் வரை பதின்மூன்று வழிகாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. அவற்றுள் எஃப் என்பது பண விவகாரங்களுக்கு உரியது. இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் தகுதியில்லை என்றோ, கிரெடிட் ஸ்கோர் இவ்வளவுக்குக் கீழே இறங்கினால் தகுதியில்லை என்றோ அதில் எங்கும் சொல்லப்படவில்லை. வீட்டுக் கடனும் கார் கடனும் தவணை தவறாமல் போய்க்கொண்டிருந்தால், தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது பெரும்பாலும் பேச்சுக்கே வராது. கேள்விக்கு உள்ளாவது தவறிய தவணை, அது தவறிய காரணம், அதன் பிறகு நீங்கள் நடந்துகொண்ட விதம் ஆகிய மூன்றும்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கிளியரன்ஸ் எவருக்கும் உரிமை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் கடற்படைத் துறைக்கும் ஈகன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சந்தேகம் எழுந்தால் அது நாட்டின் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்க்கப்படும். குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போவதைப் போல இங்கே போகாது. தன் தகுதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையது.

என் கடனுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியில் எரிச்சல் இருப்பது நியாயம்தான். ஆனால் வரலாறு அரசின் பக்கம் இருக்கிறது. தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்த ரொனால்ட் பெல்ட்டன் 1979இல் திவாலாகி, அதே ஆண்டு வேலையை விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்தின் கதவைத் தட்டினார். தம் நினைவில் இருந்த ரகசியங்களை விற்று அவர் பெற்றது ஏறத்தாழ 35,000 டாலர்தான். கடற்படையில் இருந்த ஜான் வாக்கர், தாம் நடத்திய மதுக்கடை நட்டத்தில் ஓடிய காலத்தில், 1967இன் இறுதியில் அதே தூதரகத்துக்குப் போனார். சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் விவாகரத்துச் செலவும் கடனும் நெருக்கியபோது சோவியத்துக்கு விலைபோனார். பிறகு 540,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார். எஃப் நெறி கடனோடு நிற்காமல், கணக்குக் காட்ட முடியாத திடீர்ச் செல்வத்தையும் சந்தேகத்துக்குரியதாகச் சேர்த்திருப்பதற்கு ஏம்ஸை விடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இரண்டாவது காரணம் இவ்வளவு பரபரப்பானதல்ல. ஆனால் பெரும்பாலான வழக்குகளைத் தீர்மானிப்பது அதுதான் என்பது என் கணிப்பு. கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட கடமையை யாரும் கேட்கும்வரை கண்டுகொள்ளாமல் விடும் ஒருவர், ரகசிய ஆவணங்களைக் கையாளும் விதிகளையும் அப்படித்தான் மதிப்பாரோ என்று அரசு ஐயுறுகிறது. உளவாளி ஆகிவிடுவீர்கள் என்று எவரும் உங்களைக் குற்றம் சாட்டுவதில்லை. உங்கள் பொறுப்புணர்ச்சியைத்தான் அளக்கிறார்கள்.

படிவத்தில் கடனைப் பற்றி என்னென்ன கேட்கப்படும்?

கிளியரன்ஸுக்காக நிரப்பித் தர வேண்டிய எஸ்.எஃப். 86 படிவத்தின் 26ஆம் பிரிவு முழுவதும் பணத்தைப் பற்றியது. கடந்த ஏழு ஆண்டுகளில் திவால் மனு போட்டிருக்கிறீர்களா, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யவோ வரி கட்டவோ தவறினீர்களா, கடன் ஏதேனும் வசூல் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டதா, வங்கி வாராக்கடன் என்று எழுதித் தள்ளியதா, கார் பறிமுதல் செய்யப்பட்டதா, வீடு ஜப்தி ஆனதா, வாடகை கட்டாமல் வெளியேற்றப்பட்டீர்களா, சம்பளத்தில் பிடித்தம் நடந்ததா, எந்தக் கடனிலாவது 120 நாளுக்கு மேல் பாக்கி வைத்தீர்களா என்று கேள்விகள் வரிசையாக வரும். சூதாட்டத்தால் ஏற்பட்ட பணச் சிக்கலுக்கும், அலுவலகம் கொடுத்த கிரெடிட் கார்டைத் தவறாகப் பயன்படுத்தியதற்கும் தனிக் கேள்விகள் உண்டு.

'ஆம்' என்று குறித்த ஒவ்வொன்றுக்கும் கடன் கொடுத்தவர் பெயர், கணக்கு எண், தொகை, சிக்கல் தொடங்கிய மாதம், அதற்கான காரணம், இன்றைய நிலை, தீர்க்க எடுத்த முயற்சி ஆகியவற்றை எழுத வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பலர் 'முயற்சி நடக்கிறது' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. எந்தத் தேதியில் யாரிடம் பேசினீர்கள், மாதம் எவ்வளவு கட்ட ஒப்புக்கொண்டீர்கள், இதுவரை எத்தனை தவணை கட்டியாயிற்று என்று எழுதினால், படிப்பவருக்கு அடுத்த கேள்வியைக் கேட்கும் தேவையே இராது.

படிவத்தில் உட்காரும் முன் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் கடன் அறிக்கைகளையும் இலவசமாக எடுத்துப் பாருங்கள். புலனாய்வாளர் பார்க்கப்போவதை நீங்கள் அவருக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

கடன் அறிக்கையில் இல்லாத கடனையும் எழுத வேண்டுமா?

வேண்டும். படிவம் கேட்பது நடந்த உண்மையை. உங்கள் அறிக்கையில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதை அல்ல. 500 டாலருக்குக் குறைவான மருத்துவக் கடன்கள் 2023 முதல் அந்த மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளிலும் வருவதில்லை. ஆனாலும் அப்படி ஒரு பில் வசூல் நிறுவனத்துக்குப் போயிருந்தால் படிவத்தின் கேள்விக்கு விடை 'ஆம்' என்பதே.

மறைப்பதால் வரும் கேடு கடனால் வரும் கேட்டைவிடப் பெரிது. தெரிந்தே பொய் சொன்னால் மத்தியக் குற்றச் சட்டத்தின் 1001ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. வழக்கு அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஒருவரின் நேர்மையைப் பற்றிய ஈ நெறி உள்ளே வந்துவிடும். அதன் பிறகு கடனை முழுவதும் அடைத்தாலும் பயனில்லை. கடனுக்குக் கட்டிய ரசீது உண்டு, பொய்க்கு அப்படி ஒன்று கிடையாது. மறந்துபோன கடன் ஒன்று பிறகு நினைவுக்கு வந்தால், புலனாய்வாளர் அதை எடுத்து வைப்பதற்கு முன் நீங்களே சொல்லித் திருத்திவிடுங்கள். கேட்ட பிறகு ஒப்புக்கொள்வதற்கு அந்த மதிப்பு இல்லை.

ஊரில் இருக்கும் கடனும் ஜாமீன் கையெழுத்தும் கணக்கில் வருமா?

வரும். தமிழர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மேலே பார்த்த தவணை தவறிய கடன்களைப் பற்றிய கேள்விகள் அமெரிக்கக் கடன்களோடு நிற்பவை அல்ல. தனியாக வாங்கிய கடனோடு, இன்னொருவருக்காகச் சேர்ந்து கையெழுத்திட்டதையும் ஜாமீன் நின்றதையும் சேர்த்துக்கொள்ளும்படி படிவமே சொல்கிறது. அமெரிக்காவுக்கு வருவதற்கு முன் தம்பியின் தொழில் கடனுக்காகக் கோயம்புத்தூர் வங்கி ஒன்றில் போட்ட ஜாமீன் கையெழுத்து உங்கள் நினைவிலிருந்து போயிருக்கலாம். ஆனால் தம்பி தவணை கட்டாமல் விட்டு, வங்கி அதை வாராக்கடனாக்கி நோட்டீஸ் அனுப்பியிருந்தால், அது உங்கள் கடனும்தான்.

'இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?' என்று நண்பர்கள் வட்டத்தில் துணிச்சலாகப் பேசுபவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். தெரியாமல் இருக்கும்வரை அது உங்களுக்கு எதிராக மற்றவர் கையில் இருக்கும் ஆயுதம். வெளிநாட்டில் ஒரு கடன்காரர் உங்களை மிரட்டக்கூடிய நிலைதான் அரசு அஞ்சும் நிலை. கடன் கொடுத்தவர் வெளிநாட்டில் இருப்பதால் எஃப் நெறியோடு வெளிநாட்டுச் செல்வாக்கைப் பற்றிய பி நெறியும் சேர்ந்துகொள்ளக்கூடும். ஊரில் உள்ள வங்கிக் கணக்கு, மனை, பூர்வீக வீட்டில் பங்கு முதலியவற்றுக்கு அதே படிவத்தின் 20ஆம் பிரிவில் தனி இடம் இருக்கிறது. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அவற்றைப் பற்றி அமெரிக்க அரசுக்குத் தரும் எஃப்பார் எனப்படும் அறிக்கையைத் தாக்கல் செய்தீர்களா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரத்துக்கு இந்தியாவில் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும், கடன் முடிந்திருந்தால் வங்கி தரும் நிலுவையின்மைச் சான்றையும் வாங்கி வைத்திருப்பது நல்லது.

எந்தக் காரணங்களை ஏற்றுக்கொள்கிறார்கள்?

உங்கள் கட்டுப்பாட்டை மீறி நடந்தவற்றை எஃப் நெறி வெளிப்படையாகவே பட்டியலிடுகிறது: வேலை இழப்பு, தொழில் சரிவு, எதிர்பாராத மருத்துவச் செலவு, குடும்பத்தில் இறப்பு, விவாகரத்து அல்லது பிரிவு, கொள்ளை வட்டிக்காரரிடம் ஏமாந்தது, அடையாளத் திருட்டு. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடிவதில்லை. அந்தச் சூழலில் நீங்கள் பொறுப்போடு நடந்துகொண்டீர்கள் என்றும் காட்ட வேண்டும். முதற்பாதியை மட்டும் படித்துவிட்டு 'எனக்கு வேலை போயிற்று' என்று ஒரு வரி எழுதி அனுப்புபவர்களே அதிகம்.

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 2022இல் வேலை போய், கிரெடிட் கார்டில் 23,000 டாலர் பாக்கி ஏறிவிட்டது. முதலாமவர் வேலை போன அடுத்த மாதமே வங்கிக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னார். வங்கி இறங்கி வராவிட்டாலும் பேசியதற்கான கடிதம் அவரிடம் இருக்கிறது. மறுபடி வேலை கிடைத்ததும் மாதம் 400 டாலர் கட்டத் தொடங்கினார். விண்ணப்பிக்கும்போது அவருக்கு இன்னும் 11,000 டாலர் கடன் இருக்கிறது. இரண்டாமவர் வங்கியின் அழைப்புகளை எடுக்கவே இல்லை. நல்ல சம்பளத்தில் சேர்ந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் அதைத் தொடவில்லை. கிளியரன்ஸுக்குச் சிக்கல் என்று கடிதம் வந்த வாரத்தில் அண்ணனிடம் கைமாற்று வாங்கி மொத்தமாக அடைத்தார். இன்று அவருக்குக் கடன் பூஜ்யம். ஆனாலும் முதலாமவரின் கோப்புதான் வலுவானது. கடிதம் வந்த பிறகு அடைக்கும் கடனுக்கு மதிப்பு குறைவு என்பதை இந்த வழக்குகளின் தீர்ப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன.

அப்படியானால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா?

தேவையில்லை. ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் வழக்குகளை விசாரிக்கும் டோஹா என்னும் அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு, எல்லாக் கடனையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டியதில்லை என்றும், நியாயமான திட்டம் ஒன்றும் அதன்படி நடந்த செயலும் இருந்தால் போதும் என்றும் 2008இலேயே கூறியிருக்கிறது. கடன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்க்கலாம். இந்த விசாரணை கடன் வசூலுக்கான நடவடிக்கை அல்ல என்பதும் அக்குழுவின் வாக்கே. ஆனால் திட்டம் என்பது இனிமேல் கட்டுவேன் என்ற உறுதிமொழி அல்ல. பல மாதங்கள் தவறாமல் கட்டியதைக் காட்டும் வங்கிப் பட்டியல்.

ஏழு ஆண்டு கடந்து அறிக்கையிலிருந்து விழுந்துவிட்ட கடனை மறந்துவிடலாமா?

மறக்க முடியாது. அறிக்கையிலிருந்து விழுந்ததால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது என்பது கடன் கொடுத்தவருக்கு எதிராக நீதிமன்றத்தில் செல்லும். கிளியரன்ஸ் விசாரணையில் அதை நல்லெண்ணத்தோடு கடனைத் தீர்க்கும் முயற்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மிகப் பழையதும் ஒரே ஒரு முறை நேர்ந்ததுமான சிறு கடனாக இருந்து, இன்றைய உங்கள் பணநிலை சீராக இருந்தால், 'நெடுங்காலம் ஆயிற்று, மீண்டும் நிகழ வாய்ப்பில்லை' என்ற வேறொரு வாதம் உங்களுக்கு உண்டு.

கடன் உங்களுடையதே அல்ல என்றால், அதற்கு ஆதாரம் வேண்டும்: தகராறு செய்து எழுதிய கடிதம், வந்த பதில், அடையாளத் திருட்டுக்குக் கொடுத்த போலீஸ் புகார். வாய்ச்சொல் நிற்காது.

திவால் மனு கொடுத்தால் கதை முடிந்ததா?

இல்லை. திவால் சட்டம் தரும் வழி; திவாலானதை மட்டுமே காரணமாக்கி அரசு ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று திவால் சட்டத்தின் 525ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதற்கு இட்டுச்சென்ற நடத்தையை ஆராய்வதை அது தடுப்பதில்லை. 13ஆம் அத்தியாயத்தின்படி மூன்று முதல் ஐந்து ஆண்டு தவணையில் கட்டுபவருக்குக் கட்டிய பதிவு கையில் இருக்கும். 7ஆம் அத்தியாயத்தில் கடன் தள்ளுபடியாகிவிடுவதால் அப்படிக் காட்ட ஒன்றும் இராது, ஆனால் கழுத்தை நெரிக்கும் சுமை இறங்கிவிடும். மருத்துவமனைச் செலவால் திவாலாகிப் பிறகு ஒழுங்காக வாழ்பவரின் நிலை வேறு. திவாலான மறு ஆண்டே மீண்டும் கார்டுகளை நிரப்பியவரின் நிலை வேறு.

கடனைக் குறைத்துத் தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களை நம்பலாமா?

கவனம் தேவை. லாப நோக்கமற்ற கடன் ஆலோசனை மையங்களிடம் போவதை எஃப் நெறியே சாதகமாகக் கொள்கிறது. பேரம் பேசித் தள்ளுபடி வாங்கித் தருவதாகச் சொல்லும் வணிக நிறுவனங்கள் வேறு வகை. அவற்றுள் பல முதலில் சொல்லும் அறிவுரையே தவணையை நிறுத்துங்கள் என்பதுதான். நேற்றுவரை ஒழுங்காக இருந்த கணக்குகளும் அதனால் 120 நாளைத் தாண்டிவிடும். மேலும், கடன் கொடுத்தவர் 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடி செய்தால் 1099-சி என்ற படிவம் வரும். தள்ளுபடியான தொகை பொதுவாக உங்கள் வருமானமாகக் கருதப்படும். அதற்கு வரி கட்டாமல் விட்டால் சிறிய சிக்கலைக் கொடுத்துப் பெரியதை வாங்கியதாகிவிடும்.

வரி பாக்கி அவ்வளவு பெரிய விஷயமா?

என் கருத்தில், கடன்களிலேயே மிக ஆபத்தானது இதுதான். வங்கிக்குக் கொடுக்க வேண்டியதை மறந்தவரை மன்னிக்கும் அதிகாரி, ரகசியத்தை நம்பி ஒப்படைக்கப்போகும் அதே அரசுக்குக் கணக்குக் கொடுக்காதவரை எளிதில் மன்னிப்பதில்லை. ரீஃபண்ட் வர வேண்டியிருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்யாதது குறையே. கட்டப் பணம் இல்லாவிட்டாலும் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு, மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்ஸுடன் தவணை ஒப்பந்தம் போட்டு அதன்படி கட்டி வருவது எஃப் நெறியே ஏற்கும் தணிப்புக் காரணம்.

கணவர் அல்லது மனைவியின் கடன் என்னைப் பாதிக்குமா?

கூட்டுக் கணக்காக இருந்தால் நேரடியாகப் பாதிக்கும். டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் திருமணச் சொத்து பொதுவானது என்பதால், தனிப் பெயரில் வாங்கிய கடனும் இருவரையும் தொடலாம். விவாகரத்துத் தீர்ப்பில் 'இந்தக் கார்டை அவர் கட்டுவார்' என்று இருந்தாலும் வங்கியைப் பொறுத்தவரை உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது. தீர்ப்பின் நகலைக் கோப்பில் வையுங்கள்.

கிளியரன்ஸ் கிடைத்த பிறகு கவலை இல்லையே?

முன்பு ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை நடந்தது. இப்போது தொடர் கண்காணிப்பு வந்துவிட்டதால், உங்கள் கடன் பதிவில் புதிதாக ஏறும் வசூல் கணக்கு தானாகவே அதிகாரிகளின் கண்ணில் படும். 2017இல் வந்த மூன்றாம் எண் ஆணைப்படி திவாலையும் 120 நாள் கடந்த பாக்கியையும் நீங்களே தெரிவிக்க வேண்டும். மிக உயர்ந்த நிலை அனுமதி உள்ளவர்கள் 10,000 டாலரோ அதற்கு மேலோ வரும் வழக்கத்துக்கு மாறான வரவையும் சொல்ல வேண்டும். ஊரில் நிலம் விற்று வந்த பங்கும் பாட்டனார் சொத்தும் இதில் அடங்கக்கூடும். நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் முதலில் நீங்கள் போய்ச் சொல்வதற்கும் அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

காரண அறிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்?

எந்தெந்தக் கடன்களால் அனுமதி தரத் தயங்குகிறார்கள் என்று எண்ணிட்டு எழுதப்பட்ட ஆவணம் அது. ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் கையில் கிடைத்த 20 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கூடுதல் அவகாசம் வேண்டுமானால் காலக்கெடு முடியும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக 'ஏற்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று எழுதி விளக்கம் தர வேண்டும். நிர்வாக நீதிபதி முன் நேரில் விசாரணை கேட்கலாம், எழுத்து மூலமே முடிவு செய்யும்படியும் விடலாம். நேரில் போவதையே நான் பரிந்துரைப்பேன். உங்கள் பேச்சையும் முகத்தையும் பார்த்துத் தீர்ப்பளிப்பவருக்கும், வெறும் காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்பளிப்பவருக்கும் வேறுபாடு உண்டு. மாத வரவுசெலவுக் கணக்கு, கட்டிய ரசீதுகள், வங்கிக் கடிதங்கள், மேலதிகாரியின் சான்று எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட வேண்டும்.

மறுக்கப்பட்டால்?

தீர்ப்புத் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்கலாம். ஆனால் மேல்முறையீட்டுக் குழு புதிய ஆதாரம் எதையும் பார்க்காது. விசாரணை முடிந்த பிறகு கட்டிய கடனைக் காட்டி அங்கே வெல்ல முடியாது. நீதிபதி சட்டத்தையோ உண்மைகளையோ தவறாகக் கையாண்டாரா என்பது மட்டுமே அதன் கேள்வி. இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், அதற்கும் உங்களுக்காக முன்வரும் ஒரு நிறுவனம் வேண்டும், ஏனெனில் தனிமனிதராகக் கிளியரன்ஸுக்கு விண்ணப்பிக்க வழியில்லை. அந்த ஓராண்டில் மாதந்தோறும் கட்டிய தவணைகள் அடுத்த கோப்பின் முதல் பக்கமாக அமையும்.